நாலு ரூமும் நாலு துண்டும்

ஆவாரங்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்லுகிறவர்கள் சுற்றுவட்டாரத்தில் நிறைய உண்டு. எல்லாம் பொறாமை. பாவம், அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். "இங்கேயே நில்லு, இதோ வந்துடறேன்" என்று அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள். நீங்கள் மறந்து போய் அடுத்த பொங்கலுக்கு வந்தாலும் அங்கேயே நிற்பார். இந்தக் காலத்தில் வேறு எந்த ஊரில் இப்படி ஆள் கிடைக்கும்?

அந்த ஊர்ச் செல்லக்கண்ணு தன் மகள் பூமயிலைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணத்தில் ஒரு குறை நேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பந்தியில் இடம் பிடித்து வைக்க ஆளில்லை. சம்பந்தி தில்லைநாயகம் மூன்றாவது பந்தி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நின்றதைக்கூட மன்னித்துவிட்டார், பார்த்தவர்களை மன்னிக்கவில்லை.

அந்தச் சம்பந்தி ஒரு புதன்கிழமை போன் செய்தார்.

"ஏனுங்க, உங்க பக்கம் பேயாத்து மலையில மிருகமெல்லாம் வச்சிருக்கற பூங்கா ஒண்ணு இருக்குதாமா. சனிக்கிழமை குடும்பத்தோட பதினோரு பேரு வாரோம். பூங்காவுக்குப் பக்கத்துல நல்ல எடமாப் பாத்து நாலு ரூம் புடிச்சு வச்சிருங்க. இந்தத் தடவையும் எடம் இல்லீன்னா, தீவாளிக்கு மாப்பிள்ளை வாரது சந்தேகந்தானுங்க."

செல்லக்கண்ணுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளை வராவிட்டால் ஊரில் எப்படித் தலை காட்டுவது? அதைவிட, அங்கே பூமயில் தினம் தினம் பேச்சு வாங்குவாளே! நினைக்கும்போதே மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பூமயில் பின்னாலேயே போன் செய்தாள். "அப்பா, அலையாதீங்க. போன்லயே ரூம் போட்டுடலாம்."

"போன்ல எப்படித்தா துண்டு போடுறது?" என்றார் செல்லக்கண்ணு.

ஆவாரங்குளத்தில் இடம் பிடிக்க ஒரே ஒரு முறைதான் உண்டு. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். துண்டு விழுந்த சீட்டு துண்டுக்காரருடையது. அதன் பிறகு மந்திரியே ஏறினாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பஸ்ஸுக்கு ஒரு நியாயம், ரூமுக்கு ஒரு நியாயமா?

ஆகவே வெள்ளிக்கிழமை காலை நாலு பேர் நாலு துண்டோடு கிளம்பினார்கள். செல்லக்கண்ணு, அவர் மைத்துனர் தவசிமுத்து, துண்டு போடுவதில் குறி தப்பாத கோட்டைச்சாமி, நூற்றுப் பத்து கிலோ எடையுள்ள பரமானந்தம். பரமானந்தம் எதற்கு என்றால், போட்ட துண்டை யாராவது எடுத்தால் அந்த இடத்தில் உட்காருவதற்கு.

மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு பலகை. 'யானைகள் கடக்கும் இடம்.'

நாலு பேரும் நின்றுவிட்டார்கள்.

"யானை கடக்கும்னு போட்டிருக்கு. அது கடக்குறதுக்கு முன்னாடி நாம முந்தக் கூடாது" என்றார் தவசிமுத்து.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்தப் பக்கம் யானையும் இல்லை, யானையின் சாணியும் இல்லை. செல்லக்கண்ணு மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் யாராவது ரூமில் துண்டு போட்டுவிட்டால்?

"இங்க பாருங்க மச்சான்," என்றார் தவசிமுத்து, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு. "இங்க ஒரு கனமான உருப்படி கடக்கணும். அதுதானே சட்டம்? நம்மகிட்டதான் பரமானந்தம் இருக்காரே."

பரமானந்தம் ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நிதானமாகக் கடந்தார். சந்தேகம் வேண்டாம் என்று திரும்பவும் ஒரு தடவை கடந்தார். பலகை யானைகள் என்றல்லவா சொல்லுகிறது? பிறகு மற்றவர்கள் நிம்மதியாக நடந்தார்கள்.

முதலில் வந்தது ஒரு பெரிய லாட்ஜ். வாசலில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்த முகமாக, "பன்னிரண்டு ரூமும் காலிதான் சார், பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

கோட்டைச்சாமி துண்டைச் சுழற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். பாய்ந்தவர் அப்படியே நின்றார். மெத்தையின் நட்ட நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு துண்டு! அதுவும் சும்மா இல்லை, கழுத்தை வளைத்த வாத்து மாதிரி மடித்து உட்காரவைத்திருந்தது.

"அண்ணே, முந்திட்டாங்க" என்றார் தீனமாக.

அடுத்த ரூமுக்கு ஓடினார்கள். அங்கேயும் ஒரு வாத்து. அதற்கடுத்த ரூமில் இரண்டு வாத்து. பன்னிரண்டு ரூமிலும் பார்த்தாகிவிட்டது, வாத்து இல்லாத மெத்தையே இல்லை.

"எல்லாம் ஒரே கை வேலை," என்றார் தவசிமுத்து. "ஒரே ஆளு பன்னிரண்டு ரூமுக்கும் துண்டு போட்டிருக்கான். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா? ஏன் வாத்து மாதிரி மடிச்சிருக்கான்? யாராவது எடுத்துட்டுத் திரும்ப வச்சா கழுத்து கோணிக்கும். கண்டுபிடிச்சிருவான். பெரிய கில்லாடி மச்சான் அவன்!"

"நான் வேணா வாத்து மேல உட்காரவா?" என்று கேட்டார் பரமானந்தம்.

"சேச்சே! சம்பந்தி வர்ற நேரத்துல போலீஸ், கேஸுன்னு ஆயிடும்" என்றார் செல்லக்கண்ணு.

வெளியே வந்ததும் அந்தப் பெண், "ரூம் பிடிக்கலையா சார்?" என்றாள்.

"ரூம் ராஜா வீடு மாதிரி இருக்கு தாயி. ஆனா ஆள் இருக்கே!"

"ஆளே இல்லையே சார், எல்லாம் காலி."

செல்லக்கண்ணு அவளை இரக்கத்தோடு பார்த்தார். சின்னப் பிள்ளை, வேலைக்குப் புதுசு போல. தன் லாட்ஜில் எவன் துண்டு போட்டிருக்கிறான் என்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது லாட்ஜிலும் அதே கதை. அங்கே துண்டைச் சுருட்டி, மேலே ஒரு சோப்பு வேறு வைத்திருந்தார்கள். "துண்டு பறந்துடாம இருக்கக் கனம் வச்சிருக்கான்" என்று தவசிமுத்து விளக்கம் சொன்னார்.

மூன்றாவதாக, ஓர் அம்மாள் தன் வீட்டு மாடியில் நாலு அறையை விருந்தாளிகளுக்கு விட்டிருந்தார். ஏறிப் பார்த்தால் நாலு மெத்தையும் வெறுமையாக இருந்தன! வாத்து இல்லை, சோப்பு இல்லை. செல்லக்கண்ணு குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு, "கோட்டை, போடுடா!" என்றார்.

கோட்டைச்சாமி தோளிலிருந்து துண்டை எடுத்தார். சுழற்றினார். அதே நேரம் அந்த அம்மாள், "இருங்க, இப்பத்தான் துவைச்சது" என்று சொல்லிக்கொண்டே பின்னாலிருந்து வந்து, மெத்தைக்கு ஒன்றாக நாலு துண்டையும் மளமளவென்று போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு விநாடி. ஒரே ஒரு விநாடி! கோட்டைச்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாக எத்தனையோ பஸ் பார்த்தவர். தீபாவளிக் கூட்டத்தில்கூட ஒருவரும் அவரை முந்தியதில்லை. ஒரு பொம்பளை முந்திவிட்டார்.

"தன் வீட்டுல தானே துண்டு போட்டு இடம் பிடிக்குதே அந்தம்மா, என்ன பேராசை!" என்று பரமானந்தம் புலம்பினார்.

திருப்பூரில் பூமயில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வது செல்லக்கண்ணுவுக்கு நன்றாகவே தெரிந்தது. வெயில் தாழ்வதற்குள் இடம் பிடித்தாக வேண்டும். கால் போன போக்கில் நடந்தார், மற்ற மூவரும் பின்னால் நடந்தார்கள். அப்படி நடந்துதான் பூங்காவுக்குள்ளேயே வந்து சேர்ந்தார்கள்.

அங்கே, வேப்ப மரங்களுக்குப் பின்னால், வரிசையாக நாலு புத்தம் புது அறைகள். மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் முழுக்க இரும்புக் கம்பி, உள்ளே சிமெண்டுத் திண்டு. ஒரு பெயிண்டர் கம்பிக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உள்ள யாரும் இருக்காங்களா?" என்று செல்லக்கண்ணு பயந்து பயந்து கேட்டார்.

"இன்னும் வரலை. இனிமேதான் வரணும்."

"துண்டு கிண்டு எதுவும்..?"

பெயிண்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "துண்டா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"சாப்பாட்டுக்கு என்ன வசதி?"

"நேரத்துக்கு உள்ளேயே தள்ளி விட்ருவாங்க."

"குளிக்க?"

"பைப்பை வச்சுப் பீய்ச்சி அடிச்சு அவங்களே குளிப்பாட்டி விட்ருவாங்க."

"அடேயப்பா!" என்றார் தவசிமுத்து. "கம்பி உறுதியா இருக்குமா?"

"யானை முட்டினாலும் அசையாது."

கோட்டைச்சாமிக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. கம்பி வழியாக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எல்லார் துண்டையும் வாங்கி வீசினார். நாலும் நாலு திண்டில் போய் அழகாக விழுந்தன. செல்லக்கண்ணு அவரைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

சனிக்கிழமை காலை வேனில் பதினோரு பேரும் வந்து இறங்கினார்கள். தில்லைநாயகம் கம்பியைத் தட்டிப் பார்த்தார். உள்ளே போய்த் திண்டைத் தடவிப் பார்த்தார். செல்லக்கண்ணு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூமயில் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள், கூண்டைப் பார்த்தாள். எத்தனை ஊருக்குப் போனாலும் செல்லக்கண்ணு மகள்தானே! சட்டென்று உள்ளே புகுந்து காற்று வருகிற மூலையில் தன் துண்டைப் போட்டுவிட்டாள்.

"காத்தோட்டமா இருக்குதுங்க" என்றார் தில்லைநாயகம்.

பூங்காக் காவலாளிக்கு வனத்துறை ரேஞ்சர் வெளியூர் போகும் முன் ஓர் உத்தரவு போட்டிருந்தார். உள்ளே வந்ததும் வெளியே தாழ்ப்பாளைப் போடு, ஒரு மணிக்குச் சாப்பாட்டைத் தள்ளு என்று. உள்ளே வருவது யார் என்று அவர் சொல்லவில்லை, காவலாளியும் கேட்கவில்லை. அந்தக் காவலாளி ஆவாரங்குளத்தில் பெண் எடுத்தவர். வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டார். ஒரு மணிக்குக் கேழ்வரகுக் களியும், தர்பூசணியும், ஒரு சட்டி நிறையத் தேனும் உள்ளே தள்ளினார்.

"தேன் கூட வெக்கறாங்களே!" என்று சம்பந்தியம்மாள் பூரித்துப் போனார்.

சாயங்காலம் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வந்த ஜனங்கள் ஒவ்வொருவராக அந்தக் கம்பிக்கு முன்னால் கூட ஆரம்பித்தார்கள். பெயிண்டர் அன்று காலையில்தான் பலகை மாட்டியிருந்தார். 'அரிய உயிர்கள். கல் எறியாதீர். மரியாதையுடன் பார்க்கவும்.' ஜனங்கள் வரிசையாக நின்று மரியாதையுடன் பார்த்தார்கள். சிலர் வாழைப்பழம் கொடுத்தார்கள். ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "சத்தம் போடாத, சாப்பிடுறாங்க பாரு" என்றாள்.

தில்லைநாயகம் கம்பி வழியாகக் கையை நீட்டினார். கம்பிக்கு வெளியே நின்ற செல்லக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, நாங்க நாலு மிருகத்தைப் பாக்கலாம்னு வந்தமுங்க. இங்க உக்காந்த எடத்துக்கு இத்தனை சனம் வந்து எங்களைப் பாத்துட்டுப் போகுது. எங்க ஊர்ல இந்த மரியாதை கெடையாதுங்க. மாப்பிள்ளை தீவாளிக்கு மட்டும் இல்ல, பொங்கலுக்கும் வருவான்."

செல்லக்கண்ணு சந்தோஷத்தில் சிரித்தார். பூமயிலும் உள்ளேயிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நாலு துண்டு என்ன, நாற்பது துண்டு போடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு லாரி வந்தது. அதிலிருந்து குதித்த ரேஞ்சர் கூண்டைப் பார்த்ததும் வெளிறிப் போனார்.

"யோவ்! யாருய்யா நீங்கள்லாம்? வெளிய வாங்க! கரடி வந்திருக்கு, நாலு கரடி!"

செல்லக்கண்ணுவுக்குத் திக்கென்றது. மறுபடியும் சம்பந்தியை எழுப்பி நிறுத்துவதா? உயிரே போனாலும் நடக்காது! லாரியருகே போய் எட்டிப் பார்த்தார். உள்ளே நாலு கரடியும் உட்கார்ந்திருந்தன. அவற்றின் தோளைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், ஒரு துண்டும் இல்லை. திரும்பி வந்தார்.

"சார், நாங்க வெள்ளிக்கிழமையே துண்டு போட்டுட்டோம்," என்றார் உறுதியாக. "அவங்களை அடுத்த வண்டியில வரச் சொல்லுங்க. அவசரம்னா நின்னுக்கிட்டு வரட்டும்."

"அது கரடிய்யா!" என்று ரேஞ்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

கூண்டுக்குள் தில்லைநாயகம் தேன் சட்டியைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு லாரியை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் இரக்கம் இல்லாமல் இல்லை.

"யாரா இருந்தா என்னங்க?" என்றார். "இத்தனை தூரம் வாரவங்க, கையில ஒரு துண்டு இல்லாமயா வருவாங்க?"