போனா போகுது

"மாஸ்டர், இந்த இன்வாய்ஸ் கவர் போடவா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்."

கேட்டவர் தவசிமணி சார். கேட்ட இடம் ஹைகிரவுண்ட் ரோடு, அதுவும் நடு ரோடு. பின்னாடி ஒரு டவுன் பஸ் ஆரன் அடிச்சு உசுரை எடுக்குது. வண்டி ரெண்டாவது கியர்ல குதிச்சுக் குதிச்சுப் போகுது.

"கிளட்ச மிதிங்க சார். கிளட்சு. அய்யோ, அது பிரேக்கு!"

வண்டி நின்னுட்டு. பஸ்காரன் தலையை வெளியே நீட்டி என்னமோ சொன்னான். நல்ல வார்த்தை இல்ல.

மாஸ்டர்னதும் ஆம்பிளைன்னு நினைச்சுக்கிடாதீங்க. பேர் பேச்சியம்மாள். முப்பது வயசுகூட முடியல. சொந்தமா டிரைவிங் ஸ்கூல் நடத்துது. படிக்க வாரவங்கள்ல பாதிப் பேர் அதுக்கு அப்பா வயசு. ஆனாலும் பாளையங்கோட்டையில யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். மாஸ்டர்தான்.

தவசிமணி சார் மின்வாரியத்துல இருந்து போன வருசம் ரிட்டையர் ஆனவர். முப்பத்திநாலு வருசம் வீடு வீடாப் போயி மீட்டர் கணக்கெடுத்தவர். மீட்டர் ஓடுறதைப் பாத்துப் பாத்து, இப்ப எது ஓடினாலும் அவருக்குப் பதறும்.

நான் பின் சீட்டுல. எனக்குப் பலசரக்குக் கடை. அடுத்த அரை மணி நேரம் என் கிளாஸ். லைசென்ஸ் டெஸ்ட்டுல நாலு தடவை ஃபெயில் ஆனவனுக்கு அரை மணி நேரத்தோட அருமை தெரியும். இந்த மனுசன் கேள்வி கேக்க ஆரம்பிச்சா என் கிளாஸ் கோவிந்தா.

"ஓரங்கட்டுங்க சார்," மாஸ்டர் சொல்லிச்சு.

சார் ஓரங்கட்டினார். மூணாவது தடவைதான் ஓரம் கிடைச்சுது. பக்கத்துல ஒரு டீக்கடை. மாஸ்டர் கையைத் தூக்கி மூணு விரலைக் காட்டிச்சு. டீ வந்துட்டு.

"இப்பச் சொல்லுங்க. என்ன கவர்?"

சார் சட்டைப் பையில இருந்து எட்டா மடிச்ச ஒரு காகிதத்தை எடுத்து விரிச்சார்.

"நான் புக் பண்ணின புதுக் கார் ரோட்டுக்கு வர மொத்தம் ஒம்பது லட்சத்து நாப்பதாயிரம். ரோட்டு வரி, பதிவுச் செலவு எல்லாம் சேத்து."

"சரி."

"ஷோரூம் கேட்டைத் தாண்டினதுமே அதுக்கு விலை குறைஞ்சிருமாம் மாஸ்டர். நாளைக்கே எவனாவது தூக்கிட்டுப் போயிட்டான்னு வைங்க. இல்ல, லாரிக்காரன் அப்பளமா நொறுக்கிட்டான்னு வைங்க. சாதா இன்சூரன்ஸ்ல ஏழு லட்சத்து அறுபதாயிரம்தான் தருவானாம்."

"மிச்சம்?"

"மிச்சம் ஒண்ணு எம்பது நடுவுல தொங்குது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் இன்வாய்ஸ் கவர். தனியா நாலாயிரத்து இருநூறு கட்டணும். கட்டிட்டா, பில்லுல என்ன போட்டிருக்கோ அந்த மொத்தக் காசும் வரும்."

"அப்போ கட்டுங்க."

"வண்டி காணாமப் போகலேன்னா நாலாயிரத்து இருநூறு வீணாப் போயிருமே மாஸ்டர்!"

"அப்போ கட்டாதீங்க."

"காணாமப் போயிட்டா?"

மாஸ்டர் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிச்சு.

நடுவுல நான் வாயை வச்சேன். "தண்டச் செலவு சார். கேப்ல கிடா வெட்டப் பாக்கான் கம்பெனிக்காரன். எந்தக் களவாணி உங்க வண்டியத் தேடி வரப்போறான்?"

"அண்ணாச்சி, உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

திரும்பிக்கூடப் பாக்காம சொல்லிச்சு. நான் டீயைக் குடிச்சேன்.

"எப்ப சொல்லணும் சார்?"

"பதினோரு மணிக்குள்ள. ரெண்டு தடவை நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன். ஷோரூம்ல ஜெரினான்னு ஒரு பொண்ணு. இன்னிக்கும் சொல்லலேன்னா வண்டியை அடுத்து புக் பண்ணவருக்குக் குடுத்துருவோம், உங்களுக்கு இன்னும் மூணு மாசம் ஆகும்னு கறாரா சொல்லிட்டுது."

மணி பத்து இருபது.

"சனிக்கிழமை மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போறோம்னு எஸ்தர் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா," சார் தொடர்ந்தார். எஸ்தர் அவரோட சம்சாரம். "கூட வேலை பாத்த நர்ஸுங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாச்சு. ஓட்ட நீங்க வாரேன்னு சொல்லிட்டீங்க. வண்டி மட்டும்தான் வரணும். அது வரலேன்னா அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? மூணு நாளா தூக்கமே இல்ல மாஸ்டர்."

பாவமாத்தான் இருந்துது. கண்ணு ரெண்டும் உள்ள போயிருந்துது.

மாஸ்டர் டீ கிளாஸைக் கீழ வச்சுது. கையை நீட்டி சார் சட்டைப் பையில இருந்த பேனாவை உருவிச்சு. நல்ல மை பேனா, தங்கக் கலர் மூடி. ஜன்னல் வழியா ஒரே வீசு. பேனா சாக்கடையில விழுந்து முங்கிட்டு.

"அய்யய்யோ, என் பேனா!"

"போனா போகுதுன்னு சொல்லுங்க."

"என்ன மாஸ்டர் விளையாட்டு இது?"

"சொல்லுங்க சார்."

சார் சாக்கடையைப் பாத்தார். மாஸ்டரைப் பாத்தார். கேள்வி கேட்டே பழகின வாய்தான், ஆனா மாஸ்டர் சொன்னா அப்படியே சொல்லவும் பழகியிருந்துது.

"பேனா... போனா... போகுது."

"நல்லா வருது. இன்னொரு தடவை, சத்தமா."

"பேனா போனா போகுது!"

சொன்னதும் சாருக்கே சிரிப்பு வந்துட்டு. டீக்கடையில நின்னவங்க திரும்பிப் பாத்தாங்க. நான் சீட்டுல கொஞ்சம் தாழ்ந்து உக்காந்தேன்.

"அந்தக் காகிதத்துல வேற என்ன கவர் எல்லாம் இருக்கு?"

சார் வாசிச்சார். "சாவி தொலைஞ்சா புதுச் சாவி."

"தொலைஞ்சா?"

சார் யோசிச்சார். "எல்லாக் கதவுக்கும் பூட்டு மாத்தணும்பான். செலவுதான். சரி, போனா போகுது."

"அடுத்தது."

"டயர் வெடிச்சா டயர்."

"வெடிச்சா?"

"போனா போகுது!"

"வேற?"

"வண்டிக்குள்ள வச்ச சாமான் களவு போனா அதுக்கு ஒரு கவர்."

"உள்ள என்ன வைப்பீங்க?"

"ஒரு குடை. ஒரு பைபிள். எஸ்தரோட தைலக் குப்பி."

"குடை?"

"போகுது."

"தைலம்?"

"போகுது! போகுது!"

மனுசன் சூடு பிடிச்சுட்டார். காகிதத்துல அஞ்சாறு கவர் இருந்துது. ஒவ்வொண்ணையும் வாசிச்சு, போனா போகுது, போனா போகுதுன்னு ஸ்டீரிங்ல தட்டித் தட்டிச் சொல்லுதார். மூணு நாளா தூங்காத ஆளாட்டமே இல்ல.

மாஸ்டர் சட்டுன்னு பின்னாடி திரும்பிச்சு. "அண்ணாச்சி, உங்களுக்கு இன்னிக்கு கிளாஸ் கிடையாது."

"அதெப்படி! நான் கடையைப் பூட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன்!"

"போனா போகுதுன்னு சொல்லுங்க."

சத்தியமாச் சொல்லுதேன், என் வாயில அது வரவே இல்ல. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கு நல்லாக் கோவம் வந்துது, ஆனா நானும் சிரிச்சுட்டேன்.

மாஸ்டர் சாரைப் பாத்துது. இப்ப சிரிக்கல.

"வண்டியே போயிட்டுன்னு வைங்க. வாசல்ல நிறுத்தின வண்டி, காலையில எந்திச்சுப் பாத்தா இல்ல."

சார் நெஞ்சை நிமித்தினார். "கம்பெனி ஏழு அறுபது தருதானே. வண்டிதானே, போனா போகுது."

"நடுவுல தொங்குதே, ஒண்ணு எம்பது?"

"அதுவும் போனா..."

நின்னுட்டார்.

"சொல்லுங்க சார்."

"போனா..."

வாய் திறந்தபடி இருக்கு. டீக்கடையில பால் பொங்குத சத்தம் கேக்குது.

"அது யார் பணம் சார்?"

சார் காகிதத்தை மடிக்க ஆரம்பிச்சார். எட்டா மடிச்சார். திரும்ப விரிச்சார்.

"ஆறு லட்சம் பேங்க் லோன், மாஸ்டர். மிச்ச மூணு நாப்பது எஸ்தர் குடுத்தது. ஆஸ்பத்திரியில முப்பது வருசம் நர்ஸா இருந்தாள்லா, அந்த பி.எஃப். பணம். 'எனக்கு என்னத்துக்கு, வண்டிக்குக் கட்டுங்க'ன்னு அப்படியே எடுத்துக் குடுத்துட்டா."

"வண்டி போச்சுன்னா?"

"கம்பெனி தருத காசுல பேங்க்காரன்தான் முதல்ல கை வைப்பான். அவனுக்கு ஆறு போக, மிச்சம் ஒண்ணு அறுபதுதான் எங்க கையில வரும்." சார் விரலை மடக்கி எண்ணினார். முப்பத்திநாலு வருசம் ஊர்க் கணக்கெல்லாம் எடுத்த மனுசன், இந்தக் கணக்கை இப்பத்தான் முதல் தடவையாப் போடுதார். "பேங்க்காரனுக்கு ஒரு பைசா குறையாது. எனக்கும் குறையாது, நான் ஒண்ணும் போடலயே. போறது பூராவும் அவ காசுதான்."

சார் காகிதத்தை மடிச்சுப் பையில திணிச்சார்.

"அவ காசுக்கு நான் எப்படி மாஸ்டர் போனா போகுதும்பேன்?"

"அப்போ அவங்களையே கேளுங்க."

மணி பத்து நாப்பது. சார் போனை எடுத்தார். அவசரத்துல ஸ்பீக்கர்ல போட்டுட்டார். எஸ்தரம்மா குரல் வண்டி முழுக்கக் கேட்டுது.

"என்னங்க, வண்டி வந்துட்டா?"

"இல்லம்மா. ஒரு விசயம் கேக்கணும்."

"கேளுங்க. அடுப்புல மீன் கிடக்கு, சீக்கிரம்."

சார் சொன்னார். திக்கித் திக்கி, ஏழு அறுபது, ஒண்ணு எம்பது, பேங்க், இன்வாய்ஸ்னு எல்லாத்தையும் சொன்னார். கடைசியில, "வண்டிக்கு ஏதும் ஆச்சுன்னா உன் பணம்தாம்மா போகும். முப்பது வருசம் நீ ராத்திரி பகல்னு பாக்காம நின்ன பணம். அதான் உன்கிட்டக் கேக்கேன்," அப்படின்னார்.

அந்தப் பக்கம் கரண்டி சத்தம் கேட்டுது.

"இதுக்கா மூணு நாளா சோறு இறங்காமக் கிடந்தீங்க? போனா போகுதுங்க."

"எஸ்தர்..."

"வண்டி போனா போகுது, காசு போனா போகுது. அது போகும்போது நீங்க உள்ள உக்காந்திருக்காம இருந்தாச் சரி. மீன் கருகுது, வைக்கேன்."

வச்சுட்டாங்க.

எனக்கு என் வீட்டுக்காரி நினைப்பு வந்துட்டு. அவ வளையல் ரெண்டு என் கடைச் சரக்குக்குள்ள போயி ஒம்பது வருசமாச்சு. அவளும் இப்படித்தான் ஏதோ சொன்னா. நான் அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன்.

தவசிமணி சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். துடைச்சது கண்ணாடியை மட்டும் இல்ல. அப்புறம் மாஸ்டரைத் திரும்பிப் பாத்தார். மாஸ்டர் டீக்கடைக்காரருக்குக் காசை நீட்டிக்கிட்டு இருந்துது, இவர் பக்கமே திரும்பல.

சார் தானாவே போனை எடுத்தார். ஸ்பீக்கரை மட்டும் அணைக்க மறந்துட்டார்.

"ஜெரினாம்மா, தவசிமணி பேசுதேன்."

"சார், பத்து அம்பது ஆயிட்டு! அடுத்த கஸ்டமர் எதிர்லதான் உக்காந்திருக்கார். எந்தெந்தக் கவர் போடணும், சொல்லுங்க."

"இன்வாய்ஸ் கவர் போடும்மா."

"சாவி, டயர், மத்தது எல்லாம்?"

"ஒண்ணும் வேண்டாம். அது எல்லாம் போனா போகுது."

"சரி சார், இன்னிக்கே பாலிசி அடிச்சிருதேன். வெள்ளிக்கிழமை வண்டி எடுத்துக்கிடலாம்." அந்தப் பொண்ணுக்கு மனசு கேக்கல. "ஆனா சார், மூணு நாளா அது ஒண்ணைத்தானே வேணுமா வேண்டாமான்னு இழுத்துக்கிட்டு இருந்தீங்க? இப்ப எப்படி டக்குன்னு வேணும்னுட்டீங்க?"

"அதுக்கு எங்க வீட்டுல போனா போகுதுன்னு சொல்லிட்டாங்கம்மா," சார் சொன்னார். "அதான்."