மணிவிழா மலரில் ஒரு மறுப்பு

கருத்துச் சுதந்திரத்தைப் பற்றியே ஒன்பது புத்தகம் எழுதிய பேராசிரியர் தில்லைநாயகத்துக்கு மணிவிழா. விழா மலரில் தன் கொள்கையை மறுத்தும் ஒரு கட்டுரை வேண்டும், இல்லாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்றார். அதோடு விட்டாரா? அந்த மறுப்பு அவர் மனம் நோகாமலும் இருக்க வேண்டுமாம்.

அச்சகத்தில் தட்டச்சு செய்யும் அமுதவல்லிதான் மாட்டிக்கொண்டாள். அவருடைய பழைய மாணவர் எழுதிய நாலு பக்கத்தைக் கொண்டுபோனால், சிவப்புப் பேனாவால் பாதியை அடித்தார். மறுநாள் மிச்சத்தில் பாதி. ஆறாவது நடையில், ‘ஐயா காபியை ஆறவிட்டுவிடுவார்’ என்ற ஒரு வரிதான் மிஞ்சியிருந்தது. அதையும் அடித்துவிட்டு ‘அச்சிடலாம்’ என்று கையெழுத்துப் போட்டார்.

“நாளைக்கு மலர் வரணும், மறுப்பும் இருக்கணும். இல்லேன்னா உன் முதலாளிகிட்ட சொல்லிடுவேன், உனக்கு வேலை இருக்காது.”

“சரிங்க ஐயா” என்றாள். வேறென்ன சொல்ல?

மறுநாள் மேடையில் மலரைப் பிரித்தார். ‘மறுப்புரை’ என்று தலைப்பு, கீழே வெறும் வெள்ளை, அடியில் அவர் கையெழுத்து. எதிரே மைக் இருப்பதையும் மறந்து, “மறுப்பு எங்கம்மா?” என்று கத்தினார்.

கடைசி வரிசையில் அமுதவல்லி எழுந்தாள்.

“நீங்க அனுமதிச்சது பூரா இருக்குங்க ஐயா. ஒரு எழுத்தைக்கூட நாங்க எடுக்கலை.”