ஒத்தைக்கால் டிரைவரும் நூறு கிலோ கண்டக்டரும்

சிரிக்கிற கதைதான். ஆனால் இப்போதே பல்லைக் காட்ட வேண்டாம். சிரிப்பு கடைசியில் இருக்கிறது. அதற்குள் ஒரு மனுஷனுக்கு மூன்று மாதம் வயிறு எரிய வேண்டும். நிதானமாக எரியட்டும், அவசரம் ஒன்றுமில்லை.

குடியாத்தத்தில் அரிசி மண்டிக்கு மேல்மாடியில் ஒரு ஜிம். மாஸ்டர் பெயர் தில்ஷாத். வயது இருபத்தொன்பது. பளு தூக்கி மாநிலப் போட்டி வரை போனவர். நாம் ஒரு வரி கேட்டால் அரை வரி பதில் சொல்வார்.

அவரிடம் ஒரே நாளில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒரே பஸ்ஸின் டிரைவர் தணிகாசலம், கண்டக்டர் பர்னபாஸ். இருவருக்கும் நாற்பத்து நான்கு வயது. இருவருக்கும் ஒரே அளவு தொப்பை.

மாஸ்டர் இருவரையும் வெறும் உடம்போடு உட்கார்ந்து எழச் சொன்னார். பார்த்தார். பர்னபாஸைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார்.

மறு வாரம் பர்னபாஸின் தோளில் ராடு ஏறியது. இரண்டு பக்கமும் பெரிய பெரிய சிவப்பு பிளேட்டுகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை எழுத்தில் இருபது. ராடையும் சேர்த்துக் கூட்டினால் நூறு கிலோ.

தணிகாசலத்துக்குக் கிடைத்தது ஒரு பெஞ்சும் ஒரு மணல் மூட்டையும்.

"ஒரு காலைப் பின்னாடி பெஞ்சு மேல வைங்க. மூட்டையை மார்போட அணைச்சுக்குங்க. இன்னொரு காலாலே உட்கார்ந்து எழுந்திரிங்க."

"எவ்ளோ மாஸ்டர் இது?"

"பத்து கிலோ."

தணிகாசலம் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பிறகு பர்னபாஸைப் பார்த்தார். அன்றைக்குத் திரும்பிய கண் அப்புறம் தன் பக்கம் வரவேயில்லை.

பர்னபாஸ் இறங்கும்போது "ஹூம்ம்ம்ம்" என்பார். எழும்போது "யேசப்பா!" என்பார். கீழே மண்டியில் மூட்டை தைப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். முடித்ததும் ராடை ஸ்டாண்டில் வைப்பார். சத்தமே வராது.

"நூறு கிலோவைப் பூக்கூடை மாதிரி இறக்குறான்யா" என்று தணிகாசலம் மூட்டையிடம் சொன்னார். மூட்டை பதில் சொல்லவில்லை.

பஸ்ஸிலும் நிம்மதி இல்லை.

"கண்டக்டர் அண்ணே, நூறு கிலோ தூக்குறியாமே?" என்றாள் மேல்பட்டியில் ஏறிய பூக்காரி.

"எல்லாம் கர்த்தர் கிருபைம்மா."

"டிரைவரும் வர்றாராமே, அவரு?"

"அவரு... ஒத்தைக் கால்ல நிப்பாரும்மா."

முன்னால் கியர் கறகறவென்று விழுந்தது. அடுத்த மூன்று ஸ்டாப்பிங்கிலும் பஸ் கண்டக்டர் விசிலுக்கு நிற்கவில்லை.

சாயங்காலம் தணிகாசலம் மாஸ்டரிடம் போனார்.

"மாஸ்டர், அவனுக்கு ராடு. எனக்கு மூட்டை. இன்னா நியாயம் இது?"

"கஷ்டமா இருக்கா?"

"கஷ்டம் இல்ல. கேவலமாகீது. பிள்ளையார் கோயில்ல பாதி தோப்புக்கரணத்துல மாட்டிக்கினவன் மாதிரி கீறேன்."

"மீதியையும் போடுங்க."

போட்டார். முதல் வாரம் இடது கால் மூன்றாவது முறையிலேயே வெடவெடத்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் வழுக்கி விழுந்து ஒடிந்த கால் அது. ஒவ்வொரு நாளும் மாஸ்டரே மூட்டையின் வாயைக் கட்டி எடுத்து வந்து தருவார். முடித்ததும் கேட்பார்.

"எத்தனை போட்டீங்க?"

"அவன் பதினாலு."

"நான் உங்களைக் கேட்டேன்."

"இன்னிக்குப் பதினாலு மாஸ்டர். நேத்து பன்னெண்டுதான். ரெண்டு ஏத்திட்டான்."

மாஸ்டர் நோட்டை மூடிவிடுவார்.

இப்போது சிரிக்கலாமா? கூடாது. பாதி வயிறுதான் எரிந்திருக்கிறது.

இரண்டாவது மாதம் தணிகாசலம் மறுபடியும் வந்தார். இந்த முறை ஆதாரத்தோடு வந்தார். போனில் நாலு வீடியோ.

"எல்லா ஊர்லயும் ராடுதான் ராஜான்றான். ஒத்தைக் கால் ஸ்குவாட் சும்மா பேலன்ஸுக்காம். நீங்களே சொல்லுங்க மாஸ்டர், எது பெருசு?"

மாஸ்டர் மூலையில் கிடந்த வெறும் ராடைக் காட்டினார். பிளேட் இல்லாத இரும்பு.

"தோள்ல வைங்க."

வைத்தார். முகத்தில் கல்யாணக் களை.

மாஸ்டர் பர்னபாஸிடம் இரண்டு பஸ் டிக்கெட் வாங்கினார். தணிகாசலத்தின் ஒவ்வொரு குதிகாலுக்கும் அடியில் ஒன்று வைத்தார்.

"உட்காருங்க. அப்படியே இருங்க."

உட்கார்ந்தார். மாஸ்டர் குனிந்து வலது டிக்கெட்டை இழுத்தார். பாதி கிழிந்து கையோடு வந்தது. மீதி காலடியிலேயே இருந்தது. இடது டிக்கெட்டை இழுத்தார். வெண்ணெய் மாதிரி முழுசாக வந்தது.

"இடது கால் வேலைக்கு வந்துச்சா, அண்ணே?"

"வந்துச்சே. கீழதானே கீது."

"கையெழுத்து போட்டுட்டுப் போயிடுச்சு. வலதுதான் ரெண்டு பேர் டியூட்டியும் பார்க்குது."

தணிகாசலம் டிக்கெட்டைப் பார்த்தார்.

"அப்போ ராடு கெட்டதா?"

"ராடு நல்லது. ரெண்டு காலும் வேலைக்கு வந்த பிறகு."

"அவனுக்கு ரெண்டும் வந்துச்சா?"

மாஸ்டர் மூட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இவனைப் பார்த்தாலே கை கால் எல்லாம் கனத்துப் போவுது" என்று முனகிக்கொண்டே அவர் பெஞ்சுக்குப் போனார்.

மூன்றாவது மாதம் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மாவட்டப் போட்டி. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்குவாட். ஒரு ஜிம்முக்கு ஒரு பெயர். சனிக்கிழமை கடைசி நாள்.

சனிக்கிழமை தணிகாசலம் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் மாடியேறினார். மாஸ்டர் மேஜையில் விண்ணப்பம். பெயருக்கான இடம் காலி.

"மாஸ்டர், அவன் பேரை எழுதப் போறீங்களா?"

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு சொல்லுங்க."

தணிகாசலம் விண்ணப்பத்தின் காலி இடத்தில் விரலை வைத்தார்.

"இருபத்திரண்டு வருஷமா பஸ் ஓட்டறேன். ஜனங்க பார்த்தது என் முதுகை மட்டும்தான். அவன் மூஞ்சியை ஊருக்கே தெரியும். ஒரே ஒரு தடவை, மாஸ்டர். மேடையில ஜனங்களைப் பார்த்து நிக்கணும்."

தூரத்தில் பர்னபாஸ் "யேசப்பா" சொல்வதை நிறுத்தியிருந்தார்.

"நிக்கலாமே" என்றார் மாஸ்டர்.

"அவன் தூக்குறதை நான் தூக்கிட்டா எழுதுவீங்களா?"

மாஸ்டர் ஸ்டாண்டைக் காட்டினார். சிவப்பு பிளேட்டுகளோடு ராடு அங்கேயே இருந்தது.

"தூக்குங்க."

"வேணாம் டிரைவரே!" பர்னபாஸ் ஓடிவந்தார். "சொன்னா கேளு. வேணாம்."

"ஏன்யா? பயமாகீதா? உன் இடம் போயிடும்னு?"

"அது இல்லய்யா..."

"நவுரு."

பர்னபாஸ் நகர்ந்தார். தணிகாசலம் பெல்ட்டை மூன்றாவது ஓட்டை வரை இறுக்கினார். கையில் சுண்ணாம்புத் தூள் தேய்த்தார். கொஞ்சம் நெற்றியிலும் பூசிக்கொண்டார். ராடுக்கு அடியில் நுழைந்தார். திருத்தணி இருக்கும் திசையை ஒரு முறை பார்த்தார். மூச்சை இழுத்தார், இழுத்தார், கண் பிதுங்கும் வரை இழுத்தார்.

"முருகாாாா!"

ராடு பறந்தது.

தோளைவிட்டு ஒரு முழம் எம்பி, திரும்ப வந்து கழுத்தில் விழுந்தது. தணிகாசலம் நுனிக்காலில் நாலு அடி முன்னால் ஓடினார், மூன்று அடி பின்னால் ஓடினார். ஒரு பிளேட் கழன்று தரையில் உருண்டது. டொக், டொக், டொக் என்று தத்திப் போய்ச் சுவரில் சாய்ந்தது.

இரும்பு அப்படிச் சத்தம் போடாது.

தணிகாசலம் ராடை வைத்துவிட்டுப் போய் பிளேட்டை எடுத்தார். இரண்டு விரலில் வந்தது. நகத்தால் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் பலகை.

"மரமாய்யா?"

பர்னபாஸ் தரையைப் பார்த்தார்.

"முதுகுல டிஸ்க்கு விலகிடுச்சு டிரைவரே. டாக்டர் வெறும் ராடுக்கு மேல வெயிட்டே தூக்கக் கூடாதுன்னுட்டாரு. வெறும் ராடோட நின்னா நீ சிரிப்பேன்னு மாஸ்டர் கையைக் காலைப் பிடிச்சேன். ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்சது."

"அப்போ அந்த யேசப்பா?"

"அது நானாக் கத்தினது."

தணிகாசலம் பிளேட்டை டொக்கென்று தரையில் போட்டார். பர்னபாஸும் நிமிர்ந்தார்.

"நீ இன்னாய்யா கோவிச்சுக்கறே? மூணு மாசமா உன்னைப் பார்த்து எனக்குத்தான் சோறு இறங்கல. நான் மரத்தைச் சுமந்துகினு நடிக்கிறேன். நீ ஒத்தைக் கால்ல அந்த மூட்டையைத் தூக்கிகினு எழுந்திரிக்கிறே."

"பத்து கிலோ மூட்டை. அதைப் பார்த்தாய்யா உனக்கு வயிறு எரிஞ்சுது?"

மாஸ்டர் இதற்குள் விண்ணப்பத்தில் பெயர் எழுதி முடித்திருந்தார். தணிகாசலம் எட்டிப் பார்த்தார். தன் பெயர்.

"பலகையைத் தூக்கினதுக்கா மாஸ்டர் எழுதினீங்க? அங்க நிஜ இரும்பு வைப்பாங்க. பத்து கிலோ மணலைக் கட்டிகினு இருந்தவன் அதுக்கு அடியில நின்னா ஜனங்களைப் பார்க்கறதுக்கு முன்னாடி தரையைப் பார்த்துடுவேன்."

"அந்த மூட்டையை எடுத்துட்டு வாங்க."

பெஞ்சடியில் கிடந்ததை அவர் வழக்கம்போல இரண்டு கையாலும் அணைத்து எடுத்து வந்தார். பர்னபாஸின் காலடியில் இறக்கினார். தரை அதிர்ந்தது. கீழே மண்டியிலிருந்து யாரோ "யார்ரா அது?" என்று கத்தினார்கள்.

பர்னபாஸ் அதைக் காலால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. குதிகாலை ஊன்றித் தள்ளினார். செருப்புதான் நகர்ந்தது.

தணிகாசலம் மூட்டையைப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அதை நன்றாகப் பார்த்தார். பத்து கிலோ எங்கேயாவது இவ்வளவு பருமனாக இருக்குமா? தன் தொடையைத் தடவினார். காக்கிப் பேண்ட் இடது பக்கமும் இறுக்கமாக இருந்தது.

"மாஸ்டர்" என்றார் மெதுவாக. "இதுல எவ்ளோ மணல் போட்டீங்க?"

"நீங்க அவரைப் பார்த்துக்கிட்டு இருந்த நேரத்துல எவ்வளவு போட முடிஞ்சுதோ, அவ்வளவு."