நாலு விரல் பச்சை

புல்லுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு வறண்ட மேய்ச்சல் காட்டில் நாச்சாத்தாள் முப்பது செம்மறிகளை வைத்திருந்தாள். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆடு கடிக்கும்போது புல் பேசாமல் கிடக்கும். நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் "போதும்!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், ஆடுகள் தலையைத் தூக்கி அடுத்த காட்டுக்கு நடையைக் கட்டிவிடும். மேய்க்கிறவளுக்கு வேலையே இல்லை. கொடுத்து வைத்தவள்!

அப்புறம் இரண்டு வருஷம் மழை பொய்த்தது. எந்தக் காட்டில் நுழைந்தாலும் ஆடு வாயை வைக்கும் முன்பே "போதும், போதும்" என்றது புல். ஆடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. சினையாயிருந்த செவலை ஆடு எழுந்து நிற்கவே தள்ளாடியது. நாச்சாத்தாள் தரையில் உட்கார்ந்து புல்லிடம் கெஞ்சினாள்.

"இன்னும் ரெண்டு வாய் விடேன். என் செவலை செத்துப்போகும்."

"விட முடியாது ஆத்தா. மேல நாலு விரல் பச்சை நின்னாத்தான் கீழ வேருக்குச் சோறு. வேர் பட்டினி கிடந்தா நானும் இல்லை, நீயும் இல்லை."

"அப்ப என் ஆடு சாகட்டுமா?"

புல் இன்னும் தாழ்ந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டது. அதற்கும் பயம்தான்.

மறுநாள் காலை அவள் களிமண்ணைக் குழைத்தாள். எதற்கென்று புரிந்ததும் புருஷன் குமரப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம் புள்ளே. புல்லு சும்மா சொல்லாது."

"ஆட்டுக்கு நீங்க என்ன போடப் போறீங்க? பேசாம அது காலைப் புடிங்க."

முப்பது ஆட்டின் காதுகளையும் களிமண்ணால் அடைத்துவிட்டாள், புண்ணியவதி.

ஆடுகள் வெறியோடு மேய்ந்தன. மூன்று விரல், இரண்டு, ஒன்று. காடே "போதும்! போதும்!" என்று அலறியது. ஆடுகளுக்குக் கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். ஐந்தாம் நாள் கையை எடுத்தபோது சத்தமே இல்லை. செவலை ஒரு புல்தூரை இழுத்தது, அது அப்படியே பெயர்ந்து வந்தது. ஆள் ஆழத்துக்கு இறங்கியிருந்த வேர் விரல் நீளத்துக்குச் சுருங்கிக் கருகிக் கிடந்தது.

காற்று கிளம்பியது. செம்மண் எழுந்து கண்ணை மறைத்தது. "எங்கே இருக்கீங்க?" என்று புருஷனைத் தேடிக் கத்தினாள். அடுத்த வாரம் மழையும் வந்தது, என்ன பிரயோஜனம்? பிடித்து வைக்க வேர் இல்லாமல் மண் தண்ணீரோடு ஓடியது. ஒரு முளை எழவில்லை. ஆடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் செவலை மட்டும் மிஞ்சியது.

வேலி முள்ளுக்குள் ஒரே ஒரு தூர் தப்பியிருந்தது. செவலை அதைப் பார்த்துவிட்டுப் பாய்ந்தது. நாச்சாத்தாள் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆடும் கதறியது, அவளும் கதறினாள்.

"கத்தினதுலேயே என் உசுரு பாதி போச்சு ஆத்தா," என்றது தூர், ஈனக்குரலில். "மிச்சத்தை வேருக்கு அனுப்பிடறேன். இனிமே நான் சொல்ல மாட்டேன். நீதான் குனிஞ்சு பாக்கணும்."

அவளும் குமரப்பனும் செவலையை வெளியே இழுத்துவந்து, காட்டின் வாசலை முள்ளால் அடைத்தார்கள். தங்கள் கம்மங்கூழை அதற்கு ஊட்டினார்கள். அது ஈன்ற குட்டி பிழைத்தது. செவலை பிழைக்கவில்லை. காதில் அந்தக் களிமண்ணோடேயே போய்ச் சேர்ந்தது.

இரண்டு மழைக்காலம் கழித்து முள்ளை விலக்கினாள். அந்தத் தூர் விதை சிந்திக் காடு பச்சையாயிருந்தது. ஒரு தூரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. "இருக்கியா?" என்று கேட்டாள். பதில் இல்லை. செவலையின் குட்டி நாலு வாய் மேய்ந்தது. சட்டென்று நிமிர்ந்து, காதை உதறிவிட்டு நின்று உற்றுக் கேட்டது. நாச்சாத்தாள் அவசரமாகக் குனிந்து புல்லின் பக்கத்தில் நாலு விரலை வைத்தாள்.

ஆடு மேய்ச்சலுக்கு நடுவே நின்று காதை உதறுவதும், மேய்க்கிறவர் குனிந்து விரல் வைத்துப் பார்ப்பதும் அன்றிலிருந்துதான். புல் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.