இப்தாவுக்கு வராத குரல்

"இப்தா தன் மகளைக் கொன்னாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா. நான் போயிடுறேன்."

மலையேறி வந்த மூச்சு சந்தியாகுவுக்கு இன்னும் அடங்கவில்லை. அவர் கிணறு வெட்டுகிறவர். வயது அறுபது.

மதலேனம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுத் துறவி. மலைமேல் சிற்றாலயத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தார். கீழே டவுனில் உள்ள கன்னியர் மடத்தில் சேரப்போகும் பெண்களை முதலில் இவரிடம்தான் அனுப்புவார்கள்.

"யாரு இப்தா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாததா?"

"நீங்க சொல்லி நான் கேட்டதில்லையே."

சந்தியாகு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பழைய ஏற்பாட்டுல வர்ற படைத்தலைவரு. சண்டைக்குப் போகும்போது நேர்ந்துக்கிட்டாரு. ஜெயிச்சுத் திரும்பினா, என் வீட்டு வாசல்ல இருந்து எது முதல்ல எதிர்ல வருதோ அதை உமக்கு எரிபலியாத் தர்றேன்னு."

"ஜெயிச்சாரா?"

"ஜெயிச்சாரு. வாசல்ல வந்தது அவரோட ஒரே மகள். மேளம் தட்டிக்கிட்டு ஆடிக்கிட்டே வந்துச்சு."

"அப்புறம்?"

"அந்தப் பிள்ளை ரெண்டு மாசம் கேட்டுச்சு. தோழிகளோட மலைக்குப் போய் அழுதுட்டுத் திரும்பி வந்துச்சு. நேர்ந்தபடி செஞ்சாருன்னு எழுதியிருக்கு. என்ன செஞ்சாருன்னு எழுதலை."

மதலேனம்மாள் ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

"உங்க வீட்டு வாசல்ல யாரு வந்தா?"

சந்தியாகு துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு சொன்னார்.

"என் மகன் மிக்கேலுக்கு ஒன்பது வயசுல மூளைக்காய்ச்சல். டாக்டரு கையை விரிச்சுட்டாரு. ஆஸ்பத்திரி வராண்டாவுல முழங்கால் போட்டேன். பையன் பிழைச்சா மூத்தவளை உமக்கே கொடுத்துடுறேன், கன்னியாஸ்திரி ஆக்கிடுறேன்னு நேர்ந்தேன்."

"பிழைச்சானா?"

"விடியறதுக்குள்ள கண்ணைத் திறந்து இட்லி கேட்டான்."

"மகளுக்கு இப்ப என்ன வயசு?"

"வெள்ளிக்கிழமை பதினெட்டு முடியுது. அன்னைக்குக் கொடுக்கிறதா நேர்த்தி."

அன்று செவ்வாய்க்கிழமை.

"இப்தாவைப் பத்தி வேற யாரையாவது கேட்டீங்களா?"

"மூணு பேரைக் கேட்டேன். பங்குச் சாமியார் கொல்லலைன்னாரு. கன்னியா வச்சிருந்திருப்பாராம். காபி ஆறதுக்குள்ள பேசி முடிச்சு அனுப்பிட்டாரு. உபதேசியார் கொன்னுதான் இருப்பாருன்னாரு. சொல்றப்ப அவருக்கு அதுல ஒரு சந்தோஷம். குருமடத்து வாத்தியார் ஒருத்தரு, அறிஞர்கள் நடுவுல ரெண்டு கருத்து இருக்குன்னாரு. ரெண்டு கருத்தைக் கொண்டுபோய் நான் எங்கம்மா வைக்கிறது?"

"கொன்னாருன்னு நான் சொன்னா என்ன செய்வீங்க?"

"நேர்ந்ததைக் கொடுத்துத்தானே ஆகணும். மகளைக் கொண்டாந்து விடுவேன்."

"கொல்லலை, கன்னியாத்தான் வச்சாருன்னு சொன்னா?"

சந்தியாகு யோசித்தார்.

"அப்பவும் கொண்டாந்து விடணும்."

"ரெண்டுக்கும் அதேதான் செய்வீங்க. பிறகு எதுக்கு மலையேறி வந்தீங்க?"

சந்தியாகு முறத்தையே பார்த்தார்.

"தண்ணி குடிச்சுட்டுப் போங்க, ஐயா. மூச்சு வாங்குது."

அவர் தண்ணீர் குடிக்கவில்லை. மனசுக்கு ஒத்த பதில் சொல்லாதவர்களை அவர் மறப்பதே இல்லை. இவர் நான்காவது என்று மனதில் குறித்துக்கொண்டு இறங்கினார்.

*

வியாழக்கிழமை மறுபடி வந்தார்.

முகம் கறுத்திருந்தது. இரண்டு நாளாகத் தூங்காத கண்.

"பையனுக்குக் காய்ச்சல்."

"எப்போதிருந்து?"

"ஞாயித்துக்கிழமையே லேசா இருந்துச்சு. உங்ககிட்ட வந்தப்ப சொல்லலை. சொன்னா நெசமாயிடுமோன்னு பயம். நேத்து அதிகமாயிடுச்சு. நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். தூங்க விடுங்கப்பான்னு திட்டுறான்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"சளிக்காய்ச்சல், மூணு நாள்ல விட்டுடும்னாரு. அவருக்கு என்ன தெரியும்? நேர்ந்தவன் நான். ஞாபகப்படுத்துறாரு."

"யாரு?"

சந்தியாகு மேலே காட்டினார்.

மதலேனம்மாள் மேலே பார்க்கவில்லை. அவரையே பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரம்மா என்ன சொல்றாங்க?"

"அவளா? ஆஸ்பத்திரியில என்னைக் கேட்டா நேர்ந்தீங்க, இப்ப எதுக்கு என்னைக் கேக்குறீங்கன்னு சொல்லிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா."

"மகள்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஒரு பக்கம் கருகி, மடிப்பில் சாம்பல் ஒட்டியிருந்தது.

"அடுப்புல கிடந்துச்சு. எனக்கு இங்கிலீஷ் வராது. கடைக்காரர்கிட்ட கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நர்சு படிப்புக்கு இடம் கிடைச்சிருக்குன்னு வந்த கடிதாசி. எழுதிப் போட்டதும் தெரியாது, வந்ததும் தெரியாது. எரிச்சுட்டு, எனக்குத் தோசை சுட்டுக் கொடுத்தா."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். நீங்க நேர்ந்தது நேர்ந்ததுதானேப்பா, தம்பி பிழைச்சிருக்கான்ல, அது போதும்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா." சந்தியாகு காகிதத்தில் ஒட்டிய சாம்பலைத் தட்டினார். "அழுதிருந்தா அதட்டியிருப்பேன். அவ அழலையேம்மா. இப்தா மகளும் அப்படித்தான். நேர்ந்தபடியே எனக்குச் செய்யுங்கன்னு அப்பன்கிட்ட சொல்லியிருக்கு."

காற்றில் காகிதத்தின் கருகிய ஓரம் உதிர்ந்தது.

"இப்ப கேளுங்க," என்றார் மதலேனம்மாள். "அன்னைக்குக் கேட்க வந்துட்டுக் கேக்காமப் போனதை."



"ஆபிரகாம் மகனை விறகு மேல கிடத்திக் கத்தியை எடுத்தாரு. வானத்திலிருந்து குரல் வந்துச்சு. பையன்மேல கை வைக்காதேன்னு. இப்தாவுக்கு ஏன் வரலை? அது பொம்பளைப் பிள்ளைங்கிறதாலயா?"

"வரலைன்னு எழுதியிருக்கா?"

"வந்துச்சுன்னும் எழுதலையே."

"ஆமா. எழுதலை."

"அது பதிலாம்மா?"

"இல்லை."

சந்தியாகுவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்குக் கொஞ்சம் தைரியமும் வரும்.

"நான் ஒண்ணு சொல்றேன். கடவுள் விடுற ஆள் இல்லை. அதான் குரல் வரலை. எனக்கு ஒரு அண்ணன் இருக்கான். பையனுக்கு மூளைக்காய்ச்சல்ல வலிப்பு வந்த ராத்திரி அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். வேன் வச்சிருந்தான். திறக்கலை. அன்னையிலிருந்து அவன் மூஞ்சியில முழிக்கிறதில்லை."

"அவர் வந்து மன்னிப்புக் கேட்டாரா?"

"நாலு தடவை. தூக்க மாத்திரை போட்டிருந்தேன், கேக்கலைடான்னு அழுதான்."

"நெசமா?"

"நெசமா இருக்கும். அதுக்காக நான் விட்டுடுவேனா?"

"கடவுள்?"

"அவரு என்னைவிடப் பெரியவரு. நானே விடமாட்டேன், அவரு எப்படி விடுவாரு?"

மதலேனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்குகிறாரா அழுகையை அடக்குகிறாரா என்று சந்தியாகுவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளைக்கு மகளைக் கூட்டிட்டு வாங்க," என்றார் கடைசியில்.

"சேத்துக்குவீங்களா?"

"கூட்டிட்டு வாங்க."

*

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஏறி வந்தார்கள்.

பிரகாசி தகரப்பெட்டியைத் தானே சுமந்து வந்தாள். வழியில் இரண்டு தடவை அப்பா கை நீட்டினார். அவள் தரவில்லை.

"தம்பிக்கு எப்படி இருக்கு?" என்று மதலேனம்மாள் அவளிடம் கேட்டார்.

"குறையலைம்மா. விடிகாலையில பினாத்தினான்." அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். "நான் இங்க வந்தாச் சரியாயிடும்."

"இங்க வர உனக்கு ஆசையா?"

"தம்பி நல்லா இருக்கணும்மா."

"நான் கேட்டது அது இல்லையே."

பிரகாசி சிரித்தாள். "எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதாம்மா."

"சரி. உள்ள போ."

அவள் பெட்டியோடு உள்ளே போனாள். கூடத்து நடுவில் பெட்டியை வைத்துவிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

மதலேனம்மாள் வெளியே வந்து சந்தியாகு பக்கத்தில் நின்றுகொண்டார்.

"கதவைச் சாத்துங்க, ஐயா."

"நானா?"

"நேர்ந்தது நீங்கதானே. நானா நேர்ந்தேன்?"

"சாத்தினா?"

"அஞ்சு வருஷம் வீட்டு ஆள் யாரும் பார்க்கக் கூடாது. கடிதாசியும் கிடையாது. தம்பிக்கு நல்லதுன்னாலும் கெட்டதுன்னாலும் சொல்லி அனுப்பக் கூடாது."

உள்ளே பிரகாசியின் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் திரும்பவில்லை.

சந்தியாகு கதவில் கை வைத்தார். பலாப்பலகைக் கதவு. மழையில் ஊறிக் கனத்திருந்தது. பாறையை உடைத்த கைக்கு அது பெரிய கனமில்லை. ஆனாலும் பாதி வரைதான் வந்தது.

"அம்மா, கொஞ்சம் பொறுங்க."

"நான் அவசரப்படுத்தலையே."

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். வெள்ளை மேகம் ஒன்று நின்றது. கீழே எங்கோ பேருந்து ஹாரன் அடித்தது. ஒரு காகம் ஓட்டின்மேல் நடந்தது.

"என்ன பார்க்கிறீங்க?"

"ஒண்ணுமில்லை."

"ஆபிரகாமுக்கு எப்ப வந்துச்சு?"

"கத்தியை எடுத்த பிறகு."

"அப்ப சாத்துங்க. பார்ப்போம்."

சந்தியாகு தள்ளினார். கதவு தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. மகளின் தோள் மறைந்தது. பெட்டி மறைந்தது. நான்கு விரற்கடை இடைவெளியில் அவள் பின்னலும் ஒரு குதிகாலும் மட்டும் தெரிந்தன. குதிகால் வெடித்திருந்தது. அதை அவர் இதுவரை கவனித்ததில்லை.

அவர் காத்திருந்தார்.

மேகம் நகர்ந்துவிட்டது. வேறு எதுவும் நடக்கவில்லை.

"நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்கம்மா."

மதலேனம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."



சந்தியாகுவின் நெற்றி கதவில் இடித்துக்கொண்டு நின்றது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. இன்னும் ஒரு தள்ளு போதும். பையனின் காய்ச்சல் இறங்கலாம். இறங்காமலும் போகலாம். உள்ளே இருக்கிறவளுக்கு அது தெரியப்போவதில்லை.

"பிரகாசி, வெளியே வா."

யார் கூப்பிட்டது என்று சந்தியாகு திரும்பிப் பார்த்தார். மதலேனம்மாள் அப்படியே நின்றிருந்தார். அவர் உதடு அசைந்ததாகத் தெரியவில்லை.

இடைவெளியில் பின்னல் அசைந்தது.

"வேண்டாம்ப்பா. சாத்திடுங்க."

"வா தாயி."

"தம்பிக்கு ஏதாவது ஆயிட்டா?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, கடவுள் நம்மளைச் சும்மா விட்டுடுவாரா?"

"தெரியலை."

குதிகால் திரும்பியது. இடைவெளியில் அவள் முகம் தெரிந்தது. இப்போது அழுதுகொண்டிருந்தாள்.

"தெரியாமலா கூப்பிடுறீங்க?"

சந்தியாகு கதவை முழுக்கத் திறந்தார்.

"தெரியாமத்தான் கூப்பிடுறேன். வா."