நியூட்ரல்

பக்தர் ஒருவர் மடத்துக்குக் கொடுத்த புதுக் காரை ஓட்டும் பொறுப்பு தாண்டவனிடம் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு வேலையை உதறிவிட்டு, மடத்தின் தலைவியான அம்மையாரிடம் சீடராக வந்தவர் அவர். அம்மையார் அவரைவிட இளையவர். ஆனாலும் தாண்டவனுக்கு அவர் அம்மாதான்.

எல்லாவற்றையும் துறந்துவிட்டதாகத் தாண்டவன் சொல்லிக்கொள்வார். காரை மட்டும் காலையும் மாலையும் துடைப்பார். காலடியில் கிடந்த மேட் அழுக்காகிவிடக் கூடாதென்று அதன்மேல் இன்னொரு மேட் விரித்திருந்தார்.

ஒருநாள் கடைத்தெருவில் அந்த மேல் மேட் நழுவி ஆக்சிலேட்டரை அமுக்கிக்கொண்டது. வண்டி தானாகச் சீறிப் பாய்ந்தது. ஓரத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த பச்சையம்மாள் அங்கேயே இறந்தாள். தாண்டவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மடத்தில் ஆறுதல் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? விதி என்றார் ஒருவர். அவள் கணக்கு முடிந்தது என்றார் இன்னொருவர். அம்மாவின் அருள்தான் தாண்டவனைக் காப்பாற்றியது என்று ஒரு கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்த அருள் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு ஏன் எட்டவில்லை என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பிய அன்று, பச்சையம்மாளின் கணவர் ஏழுமலை மடத்து வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன் சாமி. வண்டிய நிறுத்த வழியே இல்லாமப் போச்சா?"

"இல்லப்பா. என்னால ஆனதெல்லாம் செஞ்சு பார்த்துட்டேன்."

ஏழுமலை தலையாட்டினார். ஆனால் போகவில்லை. வாசல் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

தாண்டவன் உள்ளே போய் அம்மையாரிடம் சொன்னார்.

"நான் சொன்னது சரிதானேம்மா?"

அம்மையார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பின்கட்டில் நின்ற காரில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார்.

"வாங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. நியூட்ரல்லயே வச்சு ஆக்சிலேட்டரை முழுசா மிதிங்க."

மிதித்தார். இஞ்சின் அலறியது. வண்டி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தாண்டவன் சட்டென்று காலை எடுத்தார்.

"ஏன் எடுத்துட்டீங்க?"

"இஞ்சின் போயிடும்மா. புது வண்டி."

"மறுபடி மிதிங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

மிதித்தார். அலறல் நீண்டது. தாங்க முடியாமல் தாண்டவனின் கை கியர்ப் பக்கம் போனது. அம்மையார் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தாண்டவனும் பார்த்தார். இஞ்சினை அணைத்துவிட்டார்.

"அன்னைக்கு என்ன செஞ்சீங்க?"

"பிரேக்கை விட்டு விட்டு மிதிச்சேம்மா. கல்லு மாதிரி இறுகிடுச்சு."

"அப்புறம்?"

"நியூட்ரல்ல போட்டேன்."

"வேகம் குறைஞ்சுதா?"

"குறைய ஆரம்பிச்சுது."

"அப்புறம்?"

தாண்டவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சின் இப்படித்தாம்மா அலறுச்சு. வெடிச்சுடும்னு பயந்துட்டேன். பக்தர் ஆசையாக் குடுத்த வண்டி, நீங்க ஏறுற வண்டி... திரும்ப ஓடுற கியர்ல, டிரைவ்ல போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். அம்மையார் தேற்றவில்லை. அவர் முகமும் வெளுத்திருந்தது. இந்த வண்டியில் ஊர் ஊராகச் சாய்ந்துகொண்டு போனவர் அவர்தானே.

அழுது ஓய்ந்ததும் தாண்டவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் இன்னும் வாசல்லதான் உட்கார்ந்திருக்கார். இதை எப்படிம்மா அவர்கிட்ட சொல்றது? வேணும்னா செஞ்சேன்? ஒரு நொடி புத்தி பிசகிடுச்சு. நீங்களே வந்து ஒரு வார்த்தை ஆறுதலாச் சொன்னீங்கன்னா..."

"ஒர்க்‌ஷாப்புல என்ன சொன்னாங்க?"

"முன்பக்கம்தான் நசுங்கியிருந்துச்சாம். இஞ்சினுக்கு ஒரு சேதமும் இல்லைன்னாங்க."

அம்மையார் கதவைத் திறந்து இறங்கினார்.

"அதையே போய் அவர்கிட்ட சொல்லுங்க. அம்மா வண்டியோட இஞ்சின் பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க."