வெள்ளியங்கிரியின் கம்பெனி போன்

குரு என்றால் தாடி இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கோயம்புத்தூரில் கிரைண்டர் கம்பெனி நடத்தும் வெள்ளியங்கிரிக்கு வாய்த்த குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். பெயர் பூங்கோதை, தொழில் ஆடிட்டர். எந்தச் சாமியையும் லேசில் கும்பிடாத வெள்ளியங்கிரி, வருஷா வருஷம் கணக்குப் பையைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிப்படி ஏறும்போது மட்டும் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வார்.

இந்த வருஷம் பையோடு ஒரு மனத்தாங்கலும் ஏறி வந்தது.

"ஏனுங்க மேடம், கம்பெனிக்குன்னு புதுசா ஒரு செல்போன் வாங்கியிருக்கறேன். இதுலயும் சொந்த உபயோகம்னு ஒரு பங்கைக் கழிச்சுருவீங்களா?"

"கழிக்கோணுமுங்க. வழக்கம் அதுதானே."

வழக்கம் அதுதான். முதலாளி கையில் இருக்கும் போனில் கம்பெனிப் பேச்சும் வரும், கத்தரிக்காய்ப் பேச்சும் வரும். கத்தரிக்காய்க்கு உண்டானதைக் கழித்துவிட்டு மீதியைத்தான் கம்பெனிச் செலவில் எழுதுவார்கள். ஊரில் எல்லா ஆடிட்டரும் அஞ்சில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு கழிப்பார்கள். எல்லா முதலாளியும் முனகிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள்.

வெள்ளியங்கிரி முனகுவதோடு நிற்கிற ஆள் இல்லை.

"எனக்கு ஒண்ணு புரியலீங்க. கம்பெனி வேற, நான் வேறயா? தூங்கறப்பக்கூட கிரைண்டர் கல்லுதானுங்க கனவுல சுத்துது. இதுல எங்கீங்க சொந்த உபயோகம்?"

"அப்ப முழுசும் கம்பெனிக்குத்தான்?"

"முழுசும். சத்தியமா."

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த புதுப் போன் அடித்தது. திரையில் கலாமணி என்று வந்தது. வெள்ளியங்கிரியின் மனைவி. அவர் அவசரமாகத் துண்டித்தார். மறுபடியும் அடித்தது.

"எடுங்க," என்றார் பூங்கோதை. "எடுத்து, இது கம்பெனி போனுன்னு சொல்லிருங்க."

குருவின் முன்னால் பின்வாங்க முடியுமா? வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மிணி, இது கம்பெனி போனு. வீட்டு விசயமெல்லாம் இதுல பேசக்கூடாது."

 "சரிங்க" என்றது அந்தப் பக்கம்.

அவ்வளவுதான். இணைப்பு போய்விட்டது. கொங்கு நாட்டுப் பெண்கள் சண்டை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். 'சரிங்க' என்று சொல்லிவிட்டால் சூதானமாக இருந்துகொள்ள வேண்டும். இது கல்யாணமான அத்தனை பேருக்கும் தெரியும். வெள்ளியங்கிரிக்கும் தெரியும். ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் மறந்துபோனார்.

"முழுசும் போட்டுக்கறேன்," என்றார் பூங்கோதை. "கணக்குத் தாக்கல் பண்ண இன்னும் நாள் இருக்குது. மாத்தறதுன்னா வாங்க."

"எதுக்குங்க மாத்தறது?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் சேலத்து டீலர் வந்திருந்தார். பெரிய ஆர்டர். பேச்சு கனிந்துவரும் நேரத்தில் கணக்கு எழுதும் ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். பட்டறை இரைச்சலில் பேசிப் பேசி அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது.

"சார், வீட்டுல இருந்து ஆபீஸ் நம்பருக்குப் பேசினாங்க. கம்பெனி எம்.டி.கிட்டத் தகவல் சொல்லச் சொன்னாங்க. சுரைக்காய் வாங்கிட்டு வரணுமாம்."

"சரி, போ."

"மாத்திரையும் தீர்ந்துபோச்சாம் சார். எந்த மாத்திரைன்னு கேட்டேன். மூலத்துக்குப் போடறதுன்னு சொன்னாங்க."

சேலத்துக்காரர் நல்ல மனிதர். சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

அன்றிலிருந்து தகவல்கள் ஒழுங்காக வந்தன. பெரிய மாமியார் வந்திருக்கிறார், எம்.டி. அவர்களுக்கு நேரம் இருந்தால் வரலாம். எம்.டி. அவர்களின் பனியன் கிழிந்துவிட்டது, தைப்பதா, தூக்கிப் போடுவதா? பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் வரைக்கும் பனியனைப் பற்றி ஒரு அபிப்பிராயம் வைத்திருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். மத்தியானம்தான் பொறுக்கமுடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு மணியானால் கலாமணி கூப்பிடுவாள். பெரிதாக ஒன்றும் இருக்காது. "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." வைத்துவிடுவாள். பாதி நாள் இவர் சாப்பிடாமலேயே ஆச்சு என்று சொல்லியிருக்கிறார். இப்போது ஒரு மணி ஆகிறது, போன் அடிக்கிறது, எடுத்தால் மோட்டாருக்குச் செம்புக் கம்பி விற்கிறவன். டிபன் பாக்ஸைத் திறக்கவே மனசு வரவில்லை. இத்தனை வருஷமாகப் பசி வந்தது அந்தக் குரலால்தானோ என்று அவருக்கே சந்தேகமாகிவிட்டது.

வீட்டில் ஒருநாள் துணிந்து கேட்டார். "ஏன் அம்மிணி, இப்பெல்லாம் கூப்பிடறதே இல்ல?"

"கம்பெனி போனுல வீட்டுப் பேச்சு எதுக்குங்க?" என்று மோர் ஊற்றினாள். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது அவருக்கு.

அடுத்த நாளே, ஆடிட்டர் ஆபீசுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மாடிப்படி ஏறினார்.

"மேடம், அந்தப் போன் கணக்கை மாத்திருங்க. வீட்டுக்குன்னு ஒரு பங்கைக் கழிச்சுருங்க."

"சொந்த உபயோகமே இல்லைன்னு சத்தியம் பண்ணுனீங்க?"

"இருக்குதுங்க."

"எத்தனை?"

"அஞ்சுல ஒண்ணு. ஊர் வழக்கம்."

பூங்கோதை பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"பாதின்னே வெச்சுக்குங்க," என்றார் வெள்ளியங்கிரி. "மூணுல ரெண்டுன்னாலும் எனக்குச் சம்மதமுங்க."

"சம்மதம் உங்களுது போதுமுங்களா?"

வெள்ளியங்கிரிக்கு விளங்கியது. புதுப் போனை எடுத்து, தானாகவே, கலாமணியின் நம்பரைப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். எடுக்கவில்லை.

சற்று நேரத்தில் ஆடிட்டர் மேஜைமேல் இருந்த ஆபீஸ் போன் அடித்தது. பூங்கோதை எடுத்தார். "ஆமாங்க... இங்கதானுங்க இருக்கறாரு... சொல்லிடறேனுங்க." வைத்தார்.

"வீட்டுலீங்களா?" வெள்ளியங்கிரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "என்ன சொன்னாங்க?"

"அவங்களுது வீட்டு போனாம். கம்பெனி ஆளுங்க யாரும் அதுல கூப்பிட வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க."

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது. எதை அடக்குவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இதை எப்படீங்க மேடம் சரி பண்றது? நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

பூங்கோதை அவருடைய பையை மூடி அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் கம்பெனிக்கு மட்டுந்தானுங்க ஆடிட்டர்."